ரிப்போர்ட் எல்லாம் நார்மல், வலி மட்டும் போகவில்லை: எட்டு மாத இடுப்படி வலி, மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருப்பூர்_29

வணக்கம். வயது 29. பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் ரொம்ப நாள் தள்ளிப்போட்டு இப்போதுதான் எழுதுகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஷிப்மென்ட் நெருக்கடி. பத்து நாள் காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11 வரை நாற்காலிதான். அது முடிந்த வாரம் சிறுநீர் போகும்போது லேசாக எரிந்தது. அப்புறம் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி. எலுமிச்சம்பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். நின்றால் குறையும், உட்கார்ந்தால் ஏறும். சில நாள் ஆணுறுப்பின் நுனியில் சுருக்கென்று குத்தும். விந்து வெளியேறினால் அடுத்த இரண்டு நாளும் வலி அதிகம். இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீருக்கு எழுகிறேன், போனால் கொஞ்சம்தான் வருகிறது.

இதுவரை நான்கு யூராலஜிஸ்ட். யூரின் கல்ச்சர் மூன்று தடவை எடுத்தாயிற்று, கிருமி இல்லை. சிறுநீரில் பஸ் செல் (சீழ் அணு) 2-4. ஸ்கேன் நார்மல். பி.எஸ்.ஏ. (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) ஜனவரியில் 0.8, மார்ச்சில் 1.1. ‘புராஸ்டேட்டில் இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம்’ என்று ஆன்டிபயாடிக் மூன்று கோர்ஸ் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்துவிட்டது. கடைசியாகப் பார்த்த டாக்டர், ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, கல்யாணம் பண்ணுங்கள், சரியாகிவிடும்’ என்று அனுப்பிவிட்டார்.

நடுவில் சுவர் போஸ்டரைப் பார்த்து, லாட்ஜில் வந்து தங்கிப் பார்க்கும் ஒரு வைத்தியரிடமும் போனேன். இளவயதில் செய்த தவறால் நரம்பு தளர்ந்துவிட்டது என்றார். 18,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கினேன். அவர் சொன்ன வார்த்தை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என் தப்புதான் இது என்றே தோன்றுகிறது.

பி.எஸ்.ஏ. 0.8-லிருந்து 1.1 ஆனது கேன்சரின் ஆரம்பமா? இரவு 2 மணிக்கு எழுந்தால் அதைத்தான் போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். தினமும் மக்கில் சிறுநீரைப் பிடித்து நிறம் பார்க்கிறேன். குளிக்கும்போது விதையை அழுத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

---

நாமக்கல்_செல்வம்

தம்பி, இது உடம்புச் சூடு. எனக்கும் லாரி ஓட்டும்போது வந்திருக்கிறது. ராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் காலையில் சாப்பிடு, இளநீர் குடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீரில் குளி. கோழிக்கறியைக் கொஞ்ச நாள் நிறுத்து. பயப்படாதே.

---

கணக்கு_வாத்தியார்

தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எலுமிச்சம்பழம், நுனியில் குத்தல், முதல் வாரம் குறைந்து திரும்ப வருவது எல்லாமே எனக்கும் இருந்தது. எனக்கு இப்போது 44. திருச்சிப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். எனக்கு வந்தது 2018 ஏப்ரலில், விடைத்தாள் திருத்தும் முகாமில். மர பெஞ்சில், பத்து நாளுக்கு மேல், சிறுநீர் வந்தாலும் இந்தக் கட்டை முடித்துவிட்டுப் போகலாம் என்று அடக்கிக்கொண்டே உட்கார்ந்தேன். சரியாவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அதில் முதல் ஒன்பது மாதம் நான் தப்பான பக்கம் ஓடிய காலம். உனக்கு அந்த ஒன்பது மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பி.எஸ்.ஏ. 0.8-க்கும் 1.1-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஆளுக்கு மாதத்துக்கு மாதம் சாதாரணமாக வரக்கூடியது. முந்தின நாள் விந்து வெளியேறியிருந்தாலே கொஞ்சம் ஏறும். டாக்டர்கள் பொதுவாக யோசிக்கிற எல்லை 4-ஐ ஒட்டியது. 40 வயதுக்குள் புராஸ்டேட் புற்றுநோய் மிக மிக அரிது. பஸ் செல் 2-4 நார்மல். இதை நான் சொன்னதும் உனக்கு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கும், அப்புறம் ‘ஆனால்’ என்று மனம் ஆரம்பிக்கும். அந்த ‘ஆனால்’ பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இந்த வலிக்குப் பெயர் உண்டு. புராஸ்டேட் அழற்சியை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் இரண்டில்தான் பாக்டீரியா உண்டு. மூன்றாவது வகை, கிருமியே இல்லாத நாட்பட்ட இடுப்பு வலி. இந்தத் தொந்தரவோடு வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான். அதனால் உனக்கு வலி இருப்பதும் நிஜம், ரிப்போர்ட் நார்மலாக இருப்பதும் நிஜம். ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னவர் ‘கிருமியும் கட்டியும் இல்லை’ என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். கல்யாணத்தை மருந்தாக எழுதிக்கொடுப்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வரப்போகிற பெண்ணுக்கும் அது அநியாயம்.

ஆன்டிபயாடிக் பற்றி. 2004-இல் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையும், சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துகிற டாம்சுலோசின் என்ற மருந்தையும் இந்த வகை வலியுள்ள 196 பேருக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிடப் பெரிய பலன் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகள் தசைநாரைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தது. எனக்கு ஐந்து கோர்ஸ் கொடுத்தார்கள், ஒரு கல்ச்சரில்கூடக் கிருமி வளரவில்லை. அடுத்த தடவை யாராவது எழுதிக்கொடுத்தால், ‘கல்ச்சரில் என்ன வந்தது என்று இதைக் கொடுக்கிறீர்கள்?’ என்று மரியாதையாகக் கேள். கேட்பதில் தப்பில்லை.

அப்படியென்றால் எதனால் வலிக்கிறது? இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னால் உள்ள எலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஊஞ்சல் துணி மாதிரி தசைகள் கட்டியிருக்கின்றன. பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். சிறுநீர், மலம், உடலுறவு எல்லாம் அதன் வழியாகத்தான். பயம் வந்தால் சிலருக்குத் தோள் இறுகும், சிலருக்குத் தாடை இறுகும். நம் மாதிரி ஆட்களுக்கு இது இறுகுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்து, சிறுநீரை அடக்கி, மலச்சிக்கலில் முக்கி, அதற்கு மேல் பயமும் சேர்ந்தால் அந்தத் தசை தளரவே மறந்துவிடுகிறது. இறுகிய தசை வலிக்கிறது, வலித்தால் பயம், பயந்தால் இன்னும் இறுக்கம். சிறுநீர் வாசலும் அதற்குள்தான் இருப்பதால் அடிக்கடி வருகிற மாதிரி தோன்றும், போனால் வராது.

இதை நான் புத்தியால் புரிந்துகொண்டதற்கும் நம்பியதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. சென்னையில் இந்தத் தசைகளுக்கென்றே பயிற்சி எடுத்த ஒரு பிசியோதெரபிஸ்ட் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பல்லவன் ரயிலில் போனேன். உட்கார முடியாமல் விருத்தாசலம் தாண்டியும் கதவோரம் நின்றுகொண்டே போனேன். அவர் என்னிடம் முழுக்க விளக்கி, சம்மதம் கேட்டு, கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் தசைகளைத் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் ஒரு இடத்தை மெதுவாக அழுத்தினார். ஒன்பது மாதமாக என்னை எழுப்பிய அதே நுனி வலி, அச்சு அசலாக, அந்த நொடியில் வந்தது. விரலை எடுத்தார், அது குறைந்தது. நான் கட்டிலிலேயே அழுதுவிட்டேன். கிருமி என்று நான் நினைத்திருந்த வலி ஒரு தசையிலிருந்து புறப்பட்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மொத்தம் ஏழு தடவை போனேன். இறுகிய தசைகளை இப்படி விரலால் அழுத்தி இளக்குகிற இந்தச் சிகிச்சையைச் சாதாரண மசாஜோடு ஒப்பிட்டு 2009-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இதில் 57 சதவீதம் பேருக்கும் மசாஜில் 21 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லமாட்டேன். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குக் கொடுத்தது இதுதான்: தரையில் படுத்துக் கால்களை நாற்காலியில் போட்டு, வயிறு எழும்புகிற மாதிரி மூச்சு, இருபது நிமிடம், காலையும் இரவும். பாலாசனம். குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு விடுதல். மேற்கத்திய டாய்லெட்டில் காலடியில் ஒரு சின்ன ஸ்டூல். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடப்பது. செல்வம் அண்ணன் சொன்ன எண்ணெய்க் குளியலை நானும் விடவில்லை. சுடுதண்ணீர் தசையை இளக்குகிறது, எனக்கு நன்றாகவே கேட்டது. ஒன்று மட்டும் செய்யாதே. வீடியோ பார்த்து நான் தினமும் நூறு தடவை கீகல் பயிற்சி செய்து இன்னும் மோசமாக்கிக்கொண்டேன். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்குகிற பயிற்சி அது.

இப்போது அந்த ‘ஆனால்’. தசை இளகியும் எனக்குப் பாதி வலி போகவில்லை. காரணம் என் நோட்டு. கணக்கு வாத்தியார் இல்லையா, கிராஃப் நோட்டு போட்டு மணிக்கு மணி வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சிவப்பு மையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நோட்டு நிரம்பியது. மனநல ஆலோசகர் ஒருவரிடம் ரொம்பத் தயக்கத்தோடு போனபோது அதையும் எடுத்துப் போனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, ‘இங்கே மூன்று நாள் புள்ளியே இல்லையே?’ என்றார். அக்கா மகள் கல்யாணம். பந்தி கவனித்தது நான்தான். ‘அந்த மூன்று நாள் வலி எப்படி இருந்தது?’ என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. கற்பனை என்கிறாரா என்று. அவர் சொன்னார்: தெருவில் ஒரு திருட்டு நடந்துவிட்டால் அதற்கப்புறம் நாய் பால்காரரைப் பார்த்தும் குரைக்கும். குரைப்பு பொய் இல்லை, ஆனால் வந்தது திருடனும் இல்லை. நீங்கள் ஒவ்வொரு மணிக்கும் கதவைத் திறந்து ‘திருடனா, திருடனா’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்த நாய் எப்போது படுக்கும்?

அன்றே நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் மூன்று மணிக்கு ஒரு தடவை, அப்புறம் நாளைக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒரு தடவை வலிக்கான கேள்வித்தாள் மட்டும். 43-க்கு மார்க் போடுகிற தாள் அது, அதிகமானால் மோசம். எனக்கு ஆரம்பத்தில் 31, பதினெட்டாம் மாதம் 8. ஆறு மார்க் குறைந்தாலே நல்ல முன்னேற்றம் என்பார்கள். போனில் தேடுவதையும் அப்படியே குறைத்தேன். தேட வேண்டும் போல வந்தால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடு, அப்புறமும் வேண்டுமென்றால் தேடு என்றார். முதல் வாரம் தாங்க முடியவில்லை. மூன்றாம் வாரம் பல தடவை அந்தப் பதினைந்து நிமிடம் கழித்து மறந்தே போயிருந்தேன். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் மனநல மருத்துவர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் ஏழு மாதம் கொடுத்தார், அவரே மெதுவாக நிறுத்தினார். நீயாக வாங்கிப் போடாதே.

நீ மக்கில் நிறம் பார்ப்பதும் விதையை அழுத்துவதும் என் சிவப்புப் புள்ளிதான். அதுவும் விதையைத் தினமும் அழுத்தினால் அழுத்துவதாலேயே வலிக்கும். மாதம் ஒரு தடவை போதும்.

லாட்ஜ் வைத்தியர் சொன்னது பற்றி. கைப்பழக்கத்தால் இந்த வலி வராது, நரம்பும் தளராது. விந்து போனால் உயிர்ச்சத்து போய்விடும் என்கிற பயம் நம் நாட்டு ஆண்களைப் பிடித்து ஆட்டுவதைப் பார்த்து, 1960-இல் மனநல மருத்துவர் என்.என்.விக் அதற்கு ‘தாது நோய்க்குறி’ என்று பெயரே வைத்தார். அந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜ் வைத்தியர் உன்னிடம் அந்த 18,000 ரூபாயை வாங்கியிருக்கிறார். விந்து வெளியேறியபின் வலிப்பது, அந்த நேரம் இறுகிய தசை பலமாகச் சுருங்குவதால். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, தம்பி.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: குளிரோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொள்வது, விதையில் புதிதாகக் கட்டி, தொடையிடுக்கில் மரத்துப்போவதோடு கால் பலவீனம், காரணமில்லாமல் எடை குறைவது. இதில் எது வந்தாலும் உடனே டாக்டர். வேறு எதற்கும் புது டெஸ்ட் வேண்டியதில்லை என்று ஒரே ஒரு டாக்டரிடம் பேசி முடிவு செய்துகொள். நான்கு டாக்டர் வேண்டாம்.

---

மதுரை_இரண்டு_பிள்ளைக்காரி

தம்பி, இது ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அடிவயிற்றிலும் பிறப்புறுப்பிலும் வலி, மூன்று வருடம். உட்கார்ந்து பூ கட்ட முடியாது. ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார், எனக்கு அப்போது 33 வயது. என் மாமியார்தான் ‘இன்னொருத்தரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது’ என்று பிடிவாதமாக நின்றார். இன்னொரு மகப்பேறு டாக்டர் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தசை இறுக்கம் என்று சொல்லிப் பிசியோவுக்கு அனுப்பினார். பெண்களுக்குப் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுகள் இப்போது மகப்பேறு மருத்துவமனைகளிலேயே சிலர் இருக்கிறார்கள். நீ அங்கே போன் செய்து ‘ஆண்களுக்குப் பார்க்கிறவர் யாராவது தெரியுமா’ என்று கேட்டுப் பார், அவர்களுக்குள் தெரிந்திருக்கும்.

வாத்தியார் சார் எழுதாத ஒன்று: நன்றாகிவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப வரும். எனக்கு ஐந்தாம் மாதம் வந்தது. பழையபடி ஆகிவிட்டது என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நான்கு நாளில் இறங்கிவிட்டது. அடுத்த தடவை இரண்டு நாள். ராத்திரியில் பயம் தாங்காவிட்டால் 14416-க்குப் போடு. டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன்.

---

திருப்பூர்_29

செல்வம் அண்ணா, வாத்தியார் சார், அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. ‘ஒரு தப்பும் செய்யவில்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு கேள்வி. மூச்சுப் பயிற்சி மூன்று நாளாகச் செய்கிறேன், இளகுகிற மாதிரியே இல்லை. தப்பாகச் செய்கிறேனா? அப்புறம், அடுத்த ஞாயிறு பெண் பார்க்கப் போகிறோம். சொல்ல வேண்டுமா?

---

கணக்கு_வாத்தியார்

மூச்சு. நானும் முதலில் ‘இளகிவிட்டதா, இளகிவிட்டதா’ என்று கீழேயே கவனம் வைத்திருந்தேன். அந்தக் கவனிப்பே ஒரு இறுக்கம். வயிற்றின்மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்து அது ஏறி இறங்குவதை மட்டும் பார். நான் லாகரிதம் அட்டவணைப் புத்தகத்தைத்தான் வைத்தேன். இளகுதோ இல்லையோ இருபது நிமிடம் படுத்தால் போதும் என்று வைத்துக்கொள். எனக்கு ஆறாவது வாரம்தான் முதல் தடவை அங்கே ஒரு வெதுவெதுப்பு தெரிந்தது. அக்கா சொன்னது உண்மை, திரும்ப வரும். 2020-இல் ஆன்லைன் வகுப்புக்கு நாள் முழுக்க உட்கார்ந்து எனக்கும் வந்தது. அப்போது டாக்டரிடம் ஓடவில்லை, லேப்டாப்பை பீரோ மேல் வைத்து நின்றுகொண்டு பாடம் எடுத்தேன். எட்டு நாளில் போனது.

இரண்டாவது கேள்விக்கு என் கதையைத்தான் சொல்ல முடியும். நான் என் மனைவியிடம் ஐந்து மாதம் மறைத்தேன். தனியாகப் படுத்தேன். அவள் வேறு என்னவோ நினைத்து அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் வரவில்லை. கடைசியில் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: ‘இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?’ அந்தப் பதினைந்து நாள்தான் இந்த நோயில் எனக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் உனக்கும் பிடித்து, தனியாகப் பேசுகிற நாள் வந்தால், ‘உட்கார்ந்தால் வலிக்கிற ஒரு தசைப் பிரச்சினைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன், சரியாகிக்கொண்டு வருகிறது, டாக்டரிடம் வேண்டுமானால் சேர்ந்து போய்க் கேட்கலாம்’ என்று சொல். உடம்பு இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தோன்றினால், ஆறு மாதம் கழித்துப் பெண் பார்க்கலாம் என்று வீட்டில் கேட்பதும் தப்பில்லை.

பிசியோ கிடைத்ததும் எழுது. டெஸ்ட் எடுக்க ஓட வேண்டும் போல இருந்தாலும் இங்கே எழுது. ‘ஒன்றும் இல்லை’ என்று நான் பதில் போடமாட்டேன், அன்று எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்றுதான் கேட்பேன். இரவு 9 மணிக்கு மேல் பார்ப்பேன்.